மதிப்பெண் இருந்தும் ஏன் மறுக்கிறார்கள்? உயர்நிலை மேலாண்மைப் பள்ளிகள் விண்ணப்பத்தை வாசிக்கும் முறை

அமெரிக்காவின் முன்னணி மேலாண்மைப் பள்ளிகள் பெரும்பாலும் டிசம்பரிலும் மார்ச் இறுதியிலும் எம்.பி.ஏ. சேர்க்கை முடிவுகளை அறிவிக்கின்றன. அறிவிப்பு வந்த மறுநாளே பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு நேர்காணல் அழைப்புக்கூட வரவில்லை. அதே அலுவலகத்தில் வேலை செய்யும், மதிப்பெண்ணில் பின்தங்கிய நண்பருக்கு இடம் கிடைத்துவிட்டது. இது எப்படி நடந்தது? சிபாரிசு, பணபலம், அதிர்ஷ்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. 2023 இறுதியில் ஜிமேட் தேர்வின் மதிப்பெண் அளவுகோலே மாறியதும், 2024-இல் ஹார்வர்ட் தன் கட்டுரைக் கேள்விகளை மாற்றியதும் இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டியிருக்கின்றன.

விடை தேர்வு மதிப்பெண்ணுக்குள் இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இந்தப் பள்ளிகள் மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி இடம் தருவதில்லை. ஒரு மனிதரைப் பற்றிய கோப்பை வாசிக்கின்றன. அதன் பகுதிகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றனவா என்று பார்க்கின்றன. ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், வார்ட்டன் ஆகியவற்றின் இரண்டாண்டு முழுநேர எம்.பி.ஏ. படிப்பை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த வாசிப்பு எப்படி நடக்கிறது என்பதையும், அதற்கு ஏற்ப எப்படித் தயாராவது என்பதையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தரவரிசைச் சேர்க்கையும் கோப்பு வாசிப்பும்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வைக் கண்டு வளர்ந்தவர்களுக்குச் சேர்க்கை என்றாலே கட்-ஆஃப்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் பெற்றால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதிலும் சமம் என்றால் சமவாய்ப்பு எண்ணைக்கொண்டு தீர்க்கிறார்கள். இந்த முறையில் விண்ணப்பதாரர் யார், ஏன் இந்தப் படிப்பைக் கேட்கிறார் என்பதற்கு இடமே இல்லை. அதுவே அதன் நியாயமும்கூட. யாரையும் தெரியாத கிராமத்து மாணவிக்கு அந்த எண் ஒன்றே காவல்.

இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்கள் ஓரளவு நடுவழியில் நிற்கின்றன. தங்கள் நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வின் பெர்சென்டைலோடு (நம்மைவிடக் குறைவாகப் பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு) பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகியவற்றின் மதிப்பெண்கள், பணி அனுபவம் முதலியவற்றுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டுகின்றன. ஒவ்வொரு கழகமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 99 பெர்சென்டைல் பெற்றும் அகமதாபாத்திலிருந்து அழைப்பு வராதவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம். ஆனாலும் அங்கே கூட்டி முடித்தால் ஓர் எண் வந்துவிடும்.

ஹார்வர்டிலோ ஸ்டான்ஃபோர்டிலோ அப்படிக் கூட்டிப் பெறும் ஓர் எண் கிடையாது. மதிப்பெண் சான்றிதழ், தேர்வு முடிவு, ரெஸ்யூமே, கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் குறிப்பு ஆகிய அனைத்தையும் ஒன்றாக வைத்துச் சேர்க்கைக் குழுவினர் வாசிக்கிறார்கள். ஹார்வர்டின் ஒரு வகுப்பில் ஏறத்தாழ 930 இடங்கள். அதற்கு வரும் விண்ணப்பங்கள் 10,000-ஐ ஒட்டி இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் இடங்கள் 430-ஐ ஒட்டியே இருப்பதால் போட்டி இன்னும் கடுமை. விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் படிப்பைப் படித்து முடிக்கும் திறமை உள்ளவர்களே என்பதால், திறமை உண்டா என்ற கேள்வி கோப்பின் முதல் சில பக்கங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எழும் கேள்வி வேறு.

ஏன் இப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் பள்ளியின் நடைமுறையிலிருந்தே பிறப்பவை.

முதலாவது, பாடம் நடத்தும் முறை. ஹார்வர்ட் 1920-களிலிருந்து கேஸ் முறையைப் பின்பற்றுகிறது. ஒரு நிறுவனம் உண்மையில் சந்தித்த சிக்கலை விவரிக்கும் ஆவணத்தை மாணவர் முன்கூட்டியே படித்துவர வேண்டும். வகுப்பில் பேராசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை, கேள்வி கேட்டு விவாதத்தை நடத்துகிறார். முதலாண்டில் ஏறக்குறைய 90 பேர் கொண்ட பிரிவு ஒன்று ஒரே அரைவட்ட அரங்கில் எல்லாப் பாடங்களையும் சேர்ந்து படிக்கிறது. பல பாடங்களில் மதிப்பெண்ணில் பாதி வரை வகுப்பில் பேசுவதற்கே போகிறது. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 500 கேஸ்களை இப்படி அலசுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் சக மாணவரின் அனுபவம்தான் பாடநூல். மருத்துவமனை நிர்வாகம் பற்றிய கேஸ் வரும்போது மருத்துவமனையில் வேலை பார்த்தவர் ஒருவராவது அறையில் இருக்க வேண்டும். ராணுவத்தில் படைப்பிரிவை நடத்தியவர், கிராமப்புறக் கடன் சங்கத்தோடு பணியாற்றியவர், குடும்பத் தொழிலில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சந்தித்தவர் எல்லாரும் வேண்டும். ஒரே நகரத்தில், ஒரே வகை நிறுவனத்தில், ஒரே வேலையைச் செய்த 90 பேரை உட்கார வைத்தால் அவர்கள் எத்தனை புத்திசாலிகளாக இருந்தாலும் விவாதம் பத்து நிமிடத்தில் வற்றிவிடும். இந்திய மென்பொருள் பொறியாளர்கள் பெரும் எண்ணிக்கையில் விண்ணப்பிப்பதால் அவர்களுக்குள் போட்டி கடுமையாக இருப்பது இதனால்தான். நாட்டுக்கு இத்தனை இடம் என்ற ஒதுக்கீட்டை இப்பள்ளிகள் அறிவித்ததில்லை; ஆனால் ஒரே மாதிரியான 20 கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, இருபத்தோராவது கோப்பு எதனால் மாறுபட்டது என்று வாசிப்பவர் தேடுவது இயல்பே.

இரண்டாவது காரணம் வேலைவாய்ப்பு. ஒவ்வொரு பள்ளியும் பட்டம் பெற்ற மூன்று மாதத்துக்குள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்தத் துறையில், என்ன சம்பளத்தில் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தரப்பட்டியல்கள் இவ்வறிக்கையைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. ஆகவே, “படித்து முடித்தபின் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்ற கேள்வி சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுவது என்று நினைத்துவிடக் கூடாது. விண்ணப்பதாரர் சொல்லும் வேலை இவருக்குக் கிடைக்கக்கூடியதா, இவரது கடந்தகாலம் அதற்கு அடித்தளம் இடுகிறதா என்று குழு உண்மையாகவே எடைபோடுகிறது.

தேர்வு மதிப்பெண்: எது மாறியது, எது மாறவில்லை

ஜிமேட் 1954 முதல் நடைபெறும் தேர்வு. 2023 நவம்பரில் அதன் புதிய வடிவம் ஃபோகஸ் எடிஷன் என்ற பெயரில் வந்தது. 2024 ஜனவரி 31-உடன் பழைய வடிவம் நிறுத்தப்பட்டது. இப்போது ஜிமேட் என்றால் புதியதே. குழப்பம் தரும் இடங்கள் இவை:

1. பழைய தேர்வின் அளவு 200 முதல் 800 வரை, எண்கள் பூஜ்யத்தில் முடியும். புதியதன் அளவு 205 முதல் 805 வரை, எண்கள் 5-இல் முடியும். கடைசி இலக்கத்தைப் பார்த்தே எந்தத் தேர்வு என்று சொல்லிவிடலாம்.

2. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. பழைய தேர்வின் 700-க்கு நிகரானது புதியதில் ஏறத்தாழ 645. தன் அண்ணன் 2019-இல் 710 பெற்றார், நான் 665-தான் பெற்றேன் என்று வருந்தும் தம்பி உண்மையில் அண்ணனைவிடப் பின்தங்கியவர் அல்லர். ஒப்பிட வேண்டியது பெர்சென்டைலை மட்டுமே. நம்மைவிடக் குறைவாகப் பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே பெர்சென்டைல். நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் பெற்றோம் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை.

3. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம்: கணிதத்தில் 21 கேள்விகள், மொழித்திறனில் 23, டேட்டா இன்சைட்ஸில் 20. மூன்றுக்கும் சம எடை. கட்டுரை எழுதும் பகுதியும், வாக்கியப் பிழை திருத்தும் கேள்விகளும், வடிவியலும் நீக்கப்பட்டுவிட்டன.

4. டேட்டா இன்சைட்ஸ்தான் நம் மாணவர்கள் பலர் குறைத்து மதிப்பிடும் பகுதி. முன்பு இதையொத்த பகுதியின் மதிப்பெண் மொத்தத்தில் சேராது. இப்போது மூன்றில் ஒரு பங்கு. அட்டவணை, வரைபடம், முரண்படும் மின்னஞ்சல்கள் ஆகியவற்றைப் படித்து முடிவெடுக்கும் பயிற்சி இதற்கு வேண்டும். பழைய பயிற்சி நூல்களை மட்டும் வைத்துப் படித்தவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

ஜிமேட்டுக்குப் பதிலாக, பல்வேறு மேற்படிப்புகளுக்குப் பொதுவான ஜிஆர்ஈ தேர்வை எழுதினாலும் இப்பள்ளிகள் ஏற்கின்றன. இரண்டின் மதிப்பெண்களும் ஐந்தாண்டுகள் செல்லும்.

எத்தனை மதிப்பெண் போதும்? ஹார்வர்டில் பழைய தேர்வின் நடுமதிப்பு அண்மை வகுப்புகள் சிலவற்றில் 740 என்று இருந்தது. நடுமதிப்பு என்பதன் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்: பழைய ஜிமேட் எழுதிச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த 740-ஐத் தாண்டாதவர்கள். அதை வாசல்படியாக நினைத்து மூன்றாம் முறை, நான்காம் முறை தேர்வு எழுதி ஓர் ஆண்டைக் கழிப்பவர்கள் பலர். பள்ளி வெளியிடும் வகுப்பு விவரத்தின் நடுப்பகுதிக்குள் மதிப்பெண் வந்துவிட்டால் தேர்வை அத்தோடு நிறுத்திவிட்டு, மிச்ச நேரத்தைக் கோப்பின் மற்ற பகுதிகளுக்குக் கொடுப்பதே சரியான கணக்கு. பட்டப்படிப்பில் கணிதம் அதிகம் இல்லாதவர்களும், கல்லூரி மதிப்பெண் குறைந்தவர்களும் மட்டும் இன்னும் ஒருமுறை முயல்வதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்குத் தேர்வு முடிவு ஒரு மறுசாட்சி.

கல்லூரி மதிப்பெண்ணைப் பற்றி இரண்டு வரி போதும். பத்துக்கு 8.1 என்று சான்றிதழில் இருந்தால் 8.1 என்றே எழுத வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கணக்குப் பொறியில் போட்டு நான்குக்கு மாற்றக் கூடாது. மூன்றாண்டு இந்தியப் பட்டத்தை ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் ஏற்கின்றன என்பதால் பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்கள் தயங்க வேண்டியதில்லை.

ரெஸ்யூமே: ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டிய ரெஸ்யூமேயை வேலை தேடப் பயன்படுத்திய அதே வடிவில் பதிவேற்றுவது பரவலாகக் காணப்படும் தவறு. வேலைக்கான ரெஸ்யூமே, என்ன கருவிகள் தெரியும் என்று பட்டியலிடும். சேர்க்கைக் குழுவுக்கு ஜாவாவின் எந்தப் பதிப்பு என்பது பொருட்டே இல்லை. கற்பனையான ஒரு சென்னைப் பொறியாளரின் ரெஸ்யூமேயில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கான மென்பொருள் பராமரிப்புக் குழுவில் மூத்த பொறியாளர், பிழைகளைக் களைதலும் புதிய வசதிகளை உருவாக்குதலும் பொறுப்பு.”

இது பதவியின் விவரம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதே வரிதான். அதே வேலையை அவர் இப்படி எழுதலாம்:

“இழப்பீட்டு மனுக்கள் ஏன் திரும்பி வருகின்றன என்று ஆறு மாதப் பதிவுகளை, யாரும் கேட்காமலே ஆராய்ந்து, படிவத்தில் இரண்டு இடங்களை மாற்றும்படி வாடிக்கையாளரிடம் வாதாடி ஒப்புதல் பெற்றேன், நான்கு பேர் குழுவோடு மூன்று மாதத்தில் செயல்படுத்தியதில் திரும்பும் மனுக்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.”

இரண்டாவது வடிவத்தில் மூன்று செய்திகள் உள்ளன: யார் தொடங்கியது, யாரை இணங்கவைத்தது, என்ன மாறியது. இவற்றில் நடுச்செய்திக்கே மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு, ஏனெனில் அதிகாரம் இல்லாத இடத்தில் பிறரை இணங்கவைப்பதுதான் இப்பள்ளிகள் ‘தலைமை’ என்ற சொல்லால் குறிப்பது. பதவிப் பெயரில் ‘லீட்’ என்று இருப்பதை அவர்கள் தலைமையாக எண்ணுவதில்லை.

இங்கே நம் மொழிப்பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. “நாங்கள் செய்தோம்”, “குழுவாகச் சேர்ந்து முடித்தோம்” என்று சொல்வது நமக்கு அடக்கம். “நான்” என்பது தற்பெருமை. அந்த அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் கோப்பை வாசிப்பவர் “நாங்கள்” என்ற சொல்லுக்குள் விண்ணப்பதாரர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. குழு செய்ததைக் குழுவுக்கும் தான் செய்ததைத் தனக்கும் பிரித்து எழுதுவதில் பெருமையடிப்பு எதுவும் இல்லை.

கட்டுரைகள்

ஹார்வர்ட் பல ஆண்டுகளாக ஒரே ஒரு திறந்த கேள்வியைக் கேட்டுவந்தது. 2024-இல் அதை மூன்று குறுங்கட்டுரைகளாக மாற்றியது: தொழில் நோக்கு பற்றி 300 சொற்கள், தலைமை பற்றி 250, வளர்ச்சியும் கற்கும் ஆர்வமும் பற்றி 250. ஸ்டான்ஃபோர்ட் நெடுங்காலமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: உங்களுக்கு மிகவும் முக்கியமானது எது, ஏன்? ஸ்டான்ஃபோர்ட் எதற்கு? இரண்டுக்கும் சேர்த்து 1,000 சொற்கள்.

சொற்கள் குறைவாக இருப்பதால் எளிது என்று தோன்றும். 250 சொற்களில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதில் தன் முடிவையும், அம்முடிவின் விலையையும் காட்டுவது கடினமான எழுத்து. பொதுக் கருத்துகளுக்கு அங்கே இடம் கிடையாது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். முதல் வரைவில் அவர், “தொழில்முனைவு என் இரத்தத்தில் ஊறியது, சிறு வயதிலிருந்தே தந்தையின் உழைப்பைப் பார்த்து வளர்ந்தேன்” என்று தொடங்குகிறார். பொய் இல்லை. ஆனால் ஆயிரம் தொழில் குடும்பத்துப் பிள்ளைகள் இதையே எழுத முடியும்.

அவரிடம் துருவிக் கேட்டால் வேறொன்று வருகிறது. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ஒரு பகுதியின் ஷேடு (நிறச்சாயல்), பையர், அதாவது சரக்கை வாங்கும் நிறுவனம், ஒப்புக்கொண்ட லேப் டிப் என்ற சாய மாதிரித் துண்டோடு ஒத்துப்போகவில்லை. சரக்கு கப்பல் ஏற இன்னும் ஒன்பது நாள். இரண்டு ஷேடையும் ஒரே பெட்டியில் கலக்காமல் தனித்தனியாக அடுக்கி அனுப்பிவிட்டால் பையர் கவனிக்கமாட்டார் என்கிறார் தந்தை. மகள் அன்றிரவே பையருக்கு இரண்டு துணித்துண்டுகளின் படத்தையும் அனுப்பி, மறுபடி சாயமேற்றப் பதினான்கு நாள் கேட்கிறார். பையர் நாள் தருகிறார், ஆனால் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்கிறார். தந்தை இரண்டு வாரம் மகளோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த பருவத்து ஆர்டர் வந்தபோது ஷேடு ஒப்புதலை அவர் மகளின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்.

இந்த நிகழ்ச்சியில் அவரது குணம், தொழிலறிவு, குடும்பத்துக்குள் அவர் செலுத்திய துணிவு, அதற்காக அவர் இழந்தது எல்லாம் இருக்கின்றன. ‘நேர்மை’ என்ற சொல்லை ஒருமுறைகூட எழுத வேண்டியதில்லை. நல்ல கட்டுரை பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது: முதல் வரைவுக்கு அடியில், சொல்லத் தகுதியற்றது என்று விண்ணப்பதாரரே ஒதுக்கிவைத்த ஒரு நாளிலிருந்து.

இலக்கு பற்றிய கட்டுரை வேறு வகை. அங்கே மூன்று கண்ணிகள் அறுபடாமல் இருக்க வேண்டும்: இதுவரை செய்தது, படிப்பு தரப்போவது, படித்தபின் செய்யப்போவது. மென்பொருள் சோதனையில் நான்காண்டு இருந்தவர், அடுத்து தனியார் பங்கு முதலீட்டு நிறுவனத்தில் சேருவேன் என்று எழுதினால் கண்ணி அறுந்துவிடுகிறது. தான் வேலை செய்த காப்பீட்டுத் துறையிலேயே மேலாண்மை ஆலோசகராகப் போய், பிறகு சிறுவணிகர்களுக்கான காப்பீட்டை வடிவமைப்பேன் என்றால் அது நிற்கிறது. பள்ளியின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிற ‘ஏன் இந்தப் பள்ளி’ பத்தியை வாசிப்பவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி ஒவ்வொரு பள்ளியும் தன் விதியை எழுதிவைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் படிக்காமல் எழுதத் தொடங்கக் கூடாது. கட்டுரை தன் சொந்த எழுத்தே என்ற உறுதிமொழியில் ஒப்பமிட்டுத்தான் விண்ணப்பத்தை அனுப்புகிறோம். பணத்துக்குக் கட்டுரை எழுதித் தரும் ஆலோசகர்களுக்கும் இதுவே பொருந்தும்.

பரிந்துரைக் கடிதம்: அதிகம் கெடும் இடம்

ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் இரண்டு கடிதங்களைக் கேட்கின்றன. பல பள்ளிகள் பொதுவான ஒரு கேள்வித்தாளைப் பயன்படுத்துகின்றன. அதன் முக்கியக் கேள்விகள் இரண்டு: இதே நிலையில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவரது செயல்பாடு எப்படி? இவருக்கு நீங்கள் தந்த மிக முக்கியமான திருத்தக் கருத்து என்ன, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்?

இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். குறையைச் சொல்லும்படி கேட்கிறார்கள். நம் ஊர் வழக்கப்படி நற்சான்றிதழில் குறை எழுதுவது துரோகம். ஆகவே மேலதிகாரி, “இவர் அளவுக்கு மீறி உழைக்கிறார் என்பதே குறை” என்று அன்போடு எழுதிவிடுகிறார். அந்த வாக்கியம் விண்ணப்பதாரருக்கு உதவுவதில்லை. “இவர் கூட்டங்களில் விடையை முதலிலேயே சொல்லி மற்றவர்கள் பேசவிடாமல் செய்துவிடுவார், ஒருமுறை தனியே அழைத்துச் சொன்னேன், அடுத்த மாதக் கூட்டத்தில் இளையவர்களை முதலில் பேசவிட்டு இவர் கடைசியில் பேசினார்” என்று எழுதும் அதிகாரியே உண்மையில் அவரைத் தூக்கிவிடுகிறார். திருத்திக்கொள்ளும் மனிதர் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி வேறில்லை.

இன்னொரு பழக்கம் இதைவிட ஆபத்தானது. “நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் தம்பி, நான் போட்டுவிடுகிறேன்” என்று பல மேலதிகாரிகள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். இதற்கு இணங்குவது விதிமீறல். தெரியவந்தால் கொடுத்த இடத்தையும் திரும்பப் பெறலாம். விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நட்டமே. இரண்டு கடிதங்களும் கட்டுரைகளும் ஒரே குரலில், ஒரே சொற்களில் வரும்போது, மூன்று சாட்சிகள் இருக்க வேண்டிய கோப்பில் ஒரே சாட்சி மூன்று முறை பேசுகிறது.

இதற்கு மாற்று உண்டு:

1. கெடுவுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே கேட்க வேண்டும். “எழுதுவீர்களா சார்?” என்று கேட்காமல், “கேள்விகளுக்கு விரிவாக எழுத நேரம் இருக்குமா சார்?” என்று கேட்டால், விருப்பமில்லாதவர் கௌரவமாக விலகிக்கொள்ள வழி கிடைக்கும்.

2. அவரோடு சேர்ந்து செய்த வேலைகளில் ஐந்தாறு நிகழ்ச்சிகளைத் தேதியோடு ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுக்கலாம். நினைவூட்டல் வேறு, எழுதிக் கொடுப்பது வேறு.

3. நிறுவனத் தலைவரின் பெயர் கடிதத்துக்கு எடை கூட்டாது. தினமும் வேலையைப் பார்த்த குழு மேலாளரின் கடிதமே கூட்டும். கல்லூரிப் பேராசிரியரின் கடிதம், பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆனவருக்குப் பெரிதாகப் பயன்படாது.

4. குடும்பத் தொழிலில் இருப்பவர் தந்தையிடமோ சித்தப்பாவிடமோ கடிதம் வாங்கக் கூடாது. முன்பு சொன்ன திருப்பூர்ப் பெண்ணுக்கு, அந்தத் துணித்துண்டுகளின் படத்தைப் பெற்ற பையரின் கொள்முதல் மேலாளர் எழுதலாம். நிறுவனத்தின் கணக்குத் தணிக்கையாளர் எழுதலாம். கடன் தந்த வங்கியின் அதிகாரி எழுதலாம்.

சுற்றுகளும் நேர்காணலும்

பெரும்பாலான பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்தில் முதல் சுற்று, ஜனவரி தொடக்கத்தில் இரண்டாம் சுற்று, வசந்தத்தில் மூன்றாம் சுற்று என்று விண்ணப்பங்களைப் பெறுகின்றன. ஹார்வர்டில் இரண்டு சுற்றுகளே. வெளிநாட்டு மாணவர் முதலிரு சுற்றுகளுக்குள் விண்ணப்பிப்பதே நல்லது. மூன்றாவதில் இடங்கள் குறைவு, விசாவுக்கும் கடனுக்கும் நாள் போதாது. அரைகுறைக் கோப்பை முதல் சுற்றில் போடுவதைவிடச் செம்மையான கோப்பை இரண்டாவதில் போடுவது மேல்.

நேர்காணல் அழைப்பின்பேரில் மட்டுமே நடக்கும். ஹார்வர்டில் சேர்க்கைக் குழுவைச் சேர்ந்தவரே கோப்பு முழுவதையும் படித்துவிட்டு வந்து 30 நிமிடம் கேட்பார். கோப்பின் எந்த வரியிலிருந்தும் கேள்வி வரலாம். ஸ்டான்ஃபோர்டில் பெரும்பாலும் முன்னாள் மாணவர் கேட்பார். “அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார்” என்று நடந்ததை நுணுகிக் கேட்பது அங்குள்ள வழக்கம். பிறர் எழுதிக் கொடுத்த நிகழ்ச்சிகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

வார்ட்டன் ஐந்தாறு பேரை ஒன்றாக உட்காரவைத்து ஒரு திட்டத்தை வகுக்கச் சொல்கிறது. இந்தியாவில் வளாக நேர்காணலுக்கான குழு விவாதப் பயிற்சியில், முதலில் பேசு, அதிகம் பேசு என்று கற்றுக்கொடுக்கிறார்கள். வார்ட்டனில் அந்தப் பழக்கம் கெடுதலே செய்யும். பேசாமல் இருப்பவரை உள்ளே இழுப்பவரும், இருவர் சொன்னதை இணைத்து நேரத்துக்குள் ஒரு முடிவுக்குக் கொண்டுவருபவரும் அங்கே கவனிக்கப்படுகிறார்கள்.

செலவும் விசாவும்

ஹார்வர்டில் பாடக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 75,000 டாலரைத் தாண்டிவிட்டது. தங்குமிடம், உணவு, காப்பீடு சேர்ந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,25,000 டாலர். விண்ணப்பக் கட்டணமே ஒரு பள்ளிக்கு 250 டாலர் அளவில் இருப்பதால், எட்டுப் பள்ளிகளுக்குச் சிதறுவதைவிட நான்கைந்துக்கு ஆழமாகத் தயாராவது பணத்துக்கும் நல்லது, கோப்புக்கும் நல்லது.

ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் இரண்டும் உதவித்தொகையைத் தேர்வு மதிப்பெண்ணுக்காகத் தருவதில்லை; வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தேவைக்கேற்பத் தருகின்றன. மிகுந்த தேவையுள்ள மாணவர்களுக்கு முழுப் பாடக் கட்டணத்தையும் ஏற்கும் திட்டத்தை ஹார்வர்ட் 2022-இல் அறிவித்தது. “நம்மால் முடியாது” என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் நடுத்தரக் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

படித்தபின் அங்கே வேலை செய்வதற்கான விதிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாணவர் விசாவில் படித்தவருக்கு 12 மாத வேலை அனுமதி உண்டு. படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகைப்பாட்டில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு, வேலைக்கான எச்-1பி விசாவின் குலுக்கல் முறையை நம்ப வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது மாணவர்களிடையே பெரும் கலக்கம் எழுந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு இது பொருந்தாது என்று குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கியது. விதிகள் இப்படி இடையில் மாறக்கூடியவை என்பதால், இந்தியாவுக்குத் திரும்பி வந்தால் கிடைக்கக்கூடிய சம்பளத்தில் கடனை அடைக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். பத்து மாதத்தில் படிப்பு முடியும் பிரான்ஸின் இன்சியாடு, ஓராண்டில் முடியும் ஹைதராபாத் ஐஎஸ்பி ஆகிய மேலாண்மைப் பள்ளிகளைச் சிலர் விரும்பித் தேர்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மறுக்கப்பட்டவர் மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். அப்போது பல பள்ளிகள், சென்ற முறைக்குப் பின் என்ன மாறியிருக்கிறது என்று தனியாகவே கேட்கின்றன. ஜிமேட்டில் 20 புள்ளி கூடியதை மட்டும் எழுதுபவரின் கோப்பு பெரும்பாலும் சென்ற ஆண்டுக் கோப்பாகவே வாசிக்கப்படும். இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் ஏற்ற புதிய பொறுப்பும், அதை நேரில் பார்த்த ஒருவரின் கடிதமும் இருந்தால், அதே பெயரில் வந்திருக்கும் அது வேறொரு கோப்பு.